வான்போர் இலக்கியமும் தரையின் நோக்கும்

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் பெருவழியிலே, தும்பறைப் பள்ளத்தாக்கில் அமைந்த தெல்தெனிய போர்க்களமாக விளங்கிய ஊரன்று. பழைய தெல்தெனிய இன்று விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியிலே கிடக்கின்றது. 1985இல் திறந்துவைக்கப்பட்ட அணையின் பொருட்டு ஊர் மேட்டு நிலத்துக்குப் பெயர்ந்தது. நீர் மிக வற்றுங் காலங்களில் மட்டும் பழைய கட்டடங்களின் எச்சங்கள் வெளித்தோன்றும். ஆயினும் எம் வீட்டு முதியோர் ஆண்டுகளைக் கணக்கிட்ட முறை இன்றும் என் நினைவில் உண்டு. “யப்பான்காரன் குண்டு போட்ட வருஷம்” என்பர். “கூப்பன் அரிசிக் காலம்” என்பர். குண்டு விழாத ஊரிலும் வான்போர் ஒரு காலக்கணக்காக வந்து தங்கிற்று. அவ்வூரிலிருந்து ஒரு காலைப் பொழுதிற் சென்று மீளத்தக்க தொலைவில், பேராதனைப் பூந்தோட்டத்திலே, 1944 ஏப்பிரல் முதலாகத் தென்கிழக்காசிய நேசப்படைகளின் தலைமைப் பணியகம் இருந்தது. பர்மா வானிற் பறந்த விமானங்களின் உயர் தலைமையும் அவ்வாண்டிலேயே கண்டிக்கு வந்து சேர்ந்தது. போர் நிகழ்ந்த இடம் வேறு, போர் எண்ணப்பட்ட இடம் வேறு; இரண்டாவது எம்முடையது.

இரண்டாம் உலகப் போரில் விமானிகளாகப் பணிபுரிந்தோரும், அவர்தம் வாழ்வை எழுதப் புகுந்தோரும் ஆக்கிய நூல்கள் ஐரோப்பிய மொழிகளிலே மிகப் பல. எம் நூல்நிலையங்களிலும் அவற்றுட் சில உள. மாணவர் அவற்றை வீரக்கதைகளாகவே படிக்கின்றனர். படித்து மகிழ்வதிற் குற்றமில்லை. ஆயின் இலக்கியமென்று கொண்டு அவற்றை எடைபோடப் புகும்போது ஒரு வினா எழுதல் வேண்டும். மேலே பறந்தவன் கீழிருந்தாரை எவ்வாறு கண்டான்? கீழிருந்தார் எழுதியவற்றில் மேலே பறந்தவன் எவ்வாறு தோன்றுகின்றான்? இவ்வினாவுக்கு விடைகாணும் அளவுகோலை வெளியிலே தேடவேண்டியதில்லை. தமிழிலக்கியத்திலேயே அஃது உண்டு.

வானூர்தி பற்றிய பேச்செழுந்தவுடன், பழந்தமிழர் விமானம் செய்து பறந்தனர் என்று மேடையில் முழங்குவோர் சிலர் உளர். புறநானூற்றின் 27ஆம் பாட்டிலே, பாகன் செலுத்தாத வான ஊர்தி பேசப்படுதலை அவர் சான்று காட்டுவர். உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியை நோக்கிக் கூறியது, புலவர் பாடும் புகழுடையோர் மறுமையில் எய்தும் பேற்றினையேயன்றி, உலோகத்தாற் செய்த பொறியினை அன்று. இவ்வகைப் பெருமிதம் நம் இலக்கியத்துக்கு ஏற்றம் தாராது; பாட்டின் உட்பொருளை மறைத்துவிடும்.

உண்மையில் ஆராயத்தக்கன வேறிரண்டு. ஒன்று, சீவக சிந்தாமணியின் மயிற்பொறி. கட்டியங்காரன் சூழ்ந்தபோது, கருவுற்ற விசயையை அப்பொறியில் ஏற்றி அனுப்பிவிட்டுச் சச்சந்தன் போருக்குச் சென்று மடிகின்றான். பகைவனின் வெற்றி முரசு கேட்டு அவள் மயங்கப் பொறி தாழ்ந்து சுடுகாட்டில் இறங்குகின்றது. அங்கே சீவகன் பிறக்கின்றான். தமிழ்க் காப்பியத்தில் நாம் காணும் இப்பறப்பு தாக்கும் பறப்பன்று, தப்பும் பறப்பு. வானிலே சென்றவளைத் தரையின் ஓசையொன்று வீழ்த்துகின்றது. மற்றையது கம்பனின் சீதை களம் காண் படலம். இந்திரசித்தின் படைக்கலத்தால் இலக்குவனும் வானரரும் வீழ்ந்து கிடக்க, இராவணன் ஏவலால் விமானத்தில் ஏற்றப்பட்ட சீதை, மேலிருந்து போர்க்களத்தைக் காண்கின்றாள். உயரத்திலிருந்து நோக்கினும் அவள் கண்ணுக்குக் களம் சிறிதாகவில்லை. வீழ்ந்தோர் எறும்புகளாகத் தோன்றவில்லை. கண்டு அரற்றுகின்றாள். அதனையடுத்து வருவது மருத்துமலைப் படலம். அங்கே அனுமன் பறப்பது கொல்லுதற்கன்று, மருந்து கொணர்தற்கு. தப்புதல், கண்டு வருந்துதல், உயிர் காத்தல் என்னும் இம்மூன்றையும் மனத்திற்கொண்டு இக்கால நூல்களை நோக்குவாம்.

றிச்சட் ஹிலாரியின் ‘த லாஸ்ட் எனிமி’ 1942இல் வெளிவந்தது. இறுதிப் பகைவன் என்னும் பொருள்படும் அத்தலைப்புக் கிறித்தவ மறைநூலினின்று எடுக்கப்பட்டது; இறுதிப் பகைவன் என்றது சாவை. ஒக்சுபோட்டிலே படகோட்டியும் பறக்கப் பழகியும் திரிந்த இவ்விளைஞன், பிரித்தானிய வான்போரில் ‘ஸ்பிட்பயர்’ விமானம் செலுத்தினான். 1940 செத்தெம்பர் 3இல் எரியும் விமானத்தினின்று கடலில் வீழ்ந்தான். முகமும் கைகளும் வெந்தன. ஈஸ்ற் கிறின்ஸ்ரெட் மருத்துவமனையில் ஆச்சிபோல்ட் மக்கிண்டோ என்னும் சத்திரவைத்தியர் அவனுக்குப் புதிய இமைகளும் புதிய உதடுகளும் அமைத்தார். நூலின் முற்பகுதியிலே தன் கொள்கையை அவன் மறைக்கவில்லை. நாட்டுக்காகவோ அறத்துக்காகவோ அன்றித் தனக்காகவே போரிடுவதாகக் கூறுகின்றான். தனித்து ஏறித் தனித்துப் பொருதும் போர் விமானியின் உணர்ச்சி, இருவர் முறைவைத்துப் பொரும் பழைய வாட்போரின் உணர்ச்சி என்கின்றான். தொல்காப்பியர் வலிமையொன்றனையே பொருளாகக் கொண்டு வந்த வேந்தனை எதிர்சென்று பொருவதைத் தும்பை என்றார். ஹிலாரியின் முற்பகுதி முழுவதும் தும்பை.

அவன் நண்பன் பீற்றர் பீஸ் சமயப்பற்றுடையவன். இருவரும் பிரயாணமொன்றிலே நெடுநேரம் வாதிடுகின்றனர். பீஸ் அச்செத்தெம்பரிலேயே இறந்துபட்டான். ஒருவர்பின் ஒருவராக நண்பர் மடிய, எஞ்சியவன் ஹிலாரி. இவ்விடத்து நூல் மெல்லத் திணை மாறுகின்றது. மருத்துவமனைப் பகுதிகளில் நகையும் எரிச்சலும் கலந்து கிடக்கின்றன. தன்னையே இரங்காது நோக்கும் திறன் அவனுக்கு வாய்த்திருந்தது. நூலின் முடிவில் உள்ள காட்சியே அதற்கு நிலைபேறு அளித்தது. இலண்டனில் ஓரிரவு குண்டு விழுகின்றது. இடிந்த வீட்டினடியிற் சிக்கிய பெண்ணொருத்தியை மீட்க அவனும் கைகொடுக்கின்றான். வெளியே எடுக்கப்பட்டவள் அவனுடைய வெந்த முகத்தை நோக்குகின்றாள். பகைவர் உன்னையும் தாக்கிவிட்டனர் போலும் என்னும் கருத்துப்படச் சிலசொற் கூறி இறக்கின்றாள்.

இக்காட்சியை நான் பலமுறை படித்ததுண்டு. விழுப்புண் படாத நாள்களை வீணாட்களாக எண்ணும் வீரனைக் குறள் படைச்செருக்கிலே காட்டுகின்றது. ஹிலாரியின் புண்ணும் முகத்திற் பட்ட புண், பெருமைக்குரிய புண்ணே. ஆயின் அதனைப் புண் என்று முதலிற் கண்டவர் எவர்? மன்னனல்லன், படைத்தலைவனல்லன், பாடும் புலவனுமல்லன். இடிபாட்டினடியிற் கிடந்த ஒரு பெண். விமானியையும் குண்டுபட்டவளையும் அவள் ஒரே நிரையில் வைத்துவிட்டாள். அச்சமமே அவனாற் பொறுக்கலாகாததாயிற்று. எழுந்து ஓடுகின்றான், தன் இறுமாப்பின் வெறுமையை அங்கே உணர்கின்றான். தும்பையிலே தொடங்கிய நூல் நிலையாமை கூறும் காஞ்சியில் வந்து நிற்கின்றது. மேலே இருந்தவன் கீழிருப்பாரைக் காண்பதன்றிக் கீழிருப்பாராற் காணப்படுவது வான்போர் நூல்களில் மிக அரிது. இந்நூல் அதனாலேயே ஏனையவற்றின் மேம்பட்டது.

அக்காட்சி நிகழ்ந்தவாறே எழுதப்பட்டதோ, ஆசிரியனாற் புனைந்து அமைக்கப்பட்டதோ எனப் பின்வந்தோர் ஐயுற்றதுண்டு. புனைந்ததே யாயினும் நூலின் தகுதி குன்றாது என்பது என் துணிபு. தன் அகத்தே நிகழ்ந்த மாற்றத்துக்கு ஒரு புறநிகழ்ச்சியை வடிவாகக் கொள்ளுதல் புலவர்க்குரிய உரிமை. ஹிலாரி அம்மாற்றத்துக்குப் பின்னும் மீண்டும் பறக்கச் சென்றான். 1943 சனவரியில், இரவுப் பயிற்சியிலே விமானம் வீழ்ந்து தன் வழிகாட்டி விமானியுடன் இறந்தான். அப்போது அவனுக்கு வயது 23. அவன் இறந்த சில மாதங்களிலேயே ஆதர் கேஸ்லர், ஒரு புனைகதை இவ்வாறு பிறக்கின்றது என்று அவனைப்பற்றி எழுதலானார். உடன் இறந்தவரைக் குறித்துப் புனைகதை எதுவும் பிறக்கவில்லை.

செந்-எக்சுபெரியின் ‘போர் விமானி’ என்னும் பிரெஞ்சு நூலும் அதே 1942இல் வெளிவந்தது. 1940 மே மாதத்தில், பிரான்சு தோற்றுக்கொண்டிருந்த வேளை, அராஸ் நகரின்மேல் உளவறியச் சென்ற ஒரு பறப்பே நூலின் பொருள். கொண்டுவரும் செய்தியைப் பெற்றுப் பயன்கொள்ளும் நிலையில் எவரும் இலர் என்பதை அறிந்தே பறக்கின்றார். கீழே வழிகளெல்லாம் ஏதிலிகள். வண்டிகளும் மெத்தைகளும் தட்டுமுட்டுப் பொருள்களுமாக வடக்கிலிருந்து தெற்கே ஒழுகும் மக்கட் பெருக்கு. சீதை களங்கண்ட பார்வைக்கு இதனினும் அணித்தாய ஒன்றை நான் அறியேன். உயரம் அவருக்கு இறுமாப்பைத் தரவில்லை. தாமும் அத்தோல்வியில் ஒருவர், ஆதலின் அதற்குப் பொறுப்புடையர் என்னும் உணர்ச்சியையே தந்தது. நூலின் இறுதிப் பகுதி அறிவுரையாய் நீண்டுவிட்டமை ஒரு குறையே. காட்சி சொன்னதைக் கட்டுரை மீண்டும் சொல்ல வேண்டியதில்லை. அவர் 1944 சூலை 31இற் பறந்து மீளாதவரானார். விமானத்தின் சிதைவுகள் மார்செய் நகருக்கு அப்பாற் கடலிற் கண்டெடுக்கப்பட்டு 2004இலே உறுதிசெய்யப்பட்டன.

இனி நம் நாட்டு நிகழ்ச்சிக்கு வருவாம். 1942 ஏப்பிரல் 4ஆம் நாள் மாலை, கொக்கலையிலிருந்து எழுந்த கனடிய ‘கற்றலினா’ விமானமொன்று, இலங்கையின் தென்கிழக்கே யப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களின் பெரும்படையைக் கண்டது. விமானி லெனட் பேர்ச்சல். உடனிருந்தோருடன் அவர் ஒன்பதின்மர். செய்தி கம்பியின்றி அனுப்பப்பட்டுக்கொண்டிருக்கையிலேயே விமானம் சுடப்பட்டுக் கடலில் வீழ்ந்தது. மூவர் இறந்தனர், எஞ்சிய அறுவர் சிறைப்பட்டனர். மறுநாள், உயிர்த்த ஞாயிறு. நூற்றிருபதுக்கு மேற்பட்ட விமானங்கள் கொழும்பைத் தாக்கின. திருகோணமலைச் சீனன்குடாவிலிருந்து இரத்மலானைக்கு வந்துகொண்டிருந்த ‘சுவோட்பிஷ்’ விமானங்கள் ஆறும் வழியிலேயே அழிந்தன. ‘டோசெற்சயர்’, ‘கோண்வால்’ என்னும் போர்க்கப்பல்கள் இரண்டும் அன்று கடலில் மூழ்கின. ஏப்பிரல் 9இற் திருகோணமலை தாக்கப்பட்டது. விமானமொன்றுமின்றி வெளியேறிய ‘ஹேர்மீஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்க, முந்நூற்றுவருக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

அக்காலத்தில் இலங்கையிற் பணிபுரிந்த மைக்கேல் தொம்லின்சன் என்னும் விமானப்படை அலுவலர் இத்தாக்குதல் பற்றி 1976இல் ஒரு நூல் வெளியிட்டார். ‘மிக ஆபத்தான கணம்’ என்று பொருள்படும் அதன் தலைப்பு, சேர்ச்சில் கூறியதாக வழங்கும் ஒரு கூற்றினின்று எழுந்தது. யாருக்கு ஆபத்து என்னும் வினாவை அத்தலைப்பு எழுப்பாது விடுகின்றது. சேர்ச்சிலுக்கு அது கடல்வழிகளின் ஆபத்து, பேரரசின் ஆபத்து. அங்கொடையில் மனநோய் மருத்துவமனையிற் கிடந்தோர்மீது குண்டு விழுந்தபோது அவர்களுக்கு நேர்ந்த ஆபத்து வேறு. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய புறநானூற்று 9ஆம் பாட்டை இங்கே நினைத்தல் தகும். அம்பு விடுவதன்முன் அரண் தேடுமாறு அறிவிக்கப்படுவோருட் பிணியாளரும் உளர். அவ்வறம் அக்காலத்தே எத்துணை அளவு காக்கப்பட்டது என்பது வேறு ஆராய்ச்சி. ஆயினும் பிணியாளர் என்றொரு வகையினர் போரில் உளர் என்பதைப் பாட்டு மறக்கவில்லை. வான்போர் நூல்கள் பெரும்பாலும் அதனை மறந்துவிடுகின்றன. ஒவ்வொரு விமானத்தின் வகையும் எண்ணும் பிழையின்றித் தரப்பட்டிருக்கும். குண்டு விழுந்த தெருவின் பெயர் இராது.

பேர்ச்சலை ‘இலங்கையைக் காத்தவர்’ என்று புகழ்வர். தகுதியான புகழ்தான்; அதனைக் குறைப்பது என் நோக்கமன்று. ஆயினும் இறுதிவரை செய்தி தட்டியவர் வேறொருவர். இறந்த மூவரின் பெயரை அறிந்தோர் மிகச் சிலர். பேர்ச்சலின் பெருமையை நான் வேறிடத்திற் காண்கின்றேன். மூன்றாண்டுக்கு மேலான சிறைவாழ்வில், நோயுற்ற கைதிகளை வேலைக்கு அடித்து விரட்டிய காவலரை அவர் எதிர்த்து நின்றார். அதற்காகத் தாமும் அடியுண்டார். அகப்பட்டால் உயிருக்கே கேடு என்பதை அறிந்தும் நாட்குறிப்பு எழுதி மறைத்துவைத்தார். அக்குறிப்புகள் போருக்குப்பின் நீதி விசாரணைகளுக்குச் சான்றாயின. ஒரு பிற்பகலிற் கண்ட கப்பல்களுக்காகப் புகழப்படும் ஒருவர், ஆயிரம் பகல்களில் அருகிருந்தோரைக் கண்டு எழுதிவைத்தமைக்காக அத்துணை புகழப்படவில்லை. விமானி என்னும் சொல்லின் ஒளி, தரையிற் கழிந்த அவ்வாண்டுகளை மறைத்துவிட்டது.

கொழும்பின்மீது வந்த விமானங்களுக்குத் தலைமை தாங்கியவர் மிற்சுவோ புச்சிதா. பேர்ள் துறைமுகத் தாக்குதலுக்கும் தலைமை தாங்கியவர் அவரே. பின்னாளிற் கிறித்தவ போதகரானார். மிட்வே போர் பற்றி ஒக்குமியாவுடன் சேர்ந்து அவர் எழுதிய நூல் 1955இல் ஆங்கிலத்தில் வந்து, நெடுங்காலம் கண்கண்டவரின் வாக்காக மதிக்கப்பட்டது. யப்பானிய விமானங்கள் எழுவதற்கு ஐந்து நிமிடங்களே எஞ்சியிருந்தபோது அமெரிக்கர் வந்துவிட்டனர் என்னும் அவருடைய புகழ்பெற்ற சித்திரம், யப்பானியரின் உத்தியோகபூர்வ வரலாற்றுக்கே மாறானது. பாஷல், ரலி என்னும் ஆய்வாளர் இருவர் 2005இல் வெளியிட்ட நூல் அதனை விரிவாக மறுத்தது. இதனை ஹிலாரியின் புனைவுடன் ஒப்பிடுதல் கூடாது. ஹிலாரி தன்னைக் குற்றவாளியாக்கப் புனைந்தான். புச்சிதாவின் ஐந்து நிமிடங்களோ தோல்வியை ஊழின்மேல் ஏற்றுகின்றன. தலைவரின் பிழைகளை மறைக்கின்றன. நேரிற் கண்டவன் கூறினான் என்பதனால் மட்டும் ஒன்று மெய்யாகாது. நினைவு எப்பக்கம் சாய்கின்றது என்று நோக்குதல் திறனாய்வாளன் கடன்.

நம் நாட்டவரும் அப்போரிற் பறந்தனர். பின்னாளில், 1962இல், இலங்கை விமானப்படைக்கு முதல் இலங்கைத் தளபதியான றோகான் அமரசேகர, பிரித்தானியக் குண்டுவீச்சுப் படையில் வழிகாட்டி விமானியாகப் பணிபுரிந்து இருமுறை வீரவிருது பெற்றவர். வழிகாட்டி விமானியின் வேலை விளக்கின்கீழ் வரைபடத்துடன் இருப்பது. அவர் வானையும் காணார், தரையையும் காணார். இலக்கியம் விமானியைச் சுற்றியே எழுந்தமைக்கு இதுவும் ஒரு காரணம் போலும்.

கண்டியிலிருந்த தலைமைப் பணியகம் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. விமானப்படைத் தலைமைக்கு நியமிக்கப்பட்ட லீ-மலோரி இங்கே வரும் வழியில் 1944 நவம்பர் 14இல் அல்ப்ஸ் மலையில் விமானம் மோதி மனைவியுடன் இறந்தார். பிரித்தானிய வான்போரிலே புகழ்பெற்ற கீத் பாக் அடுத்த ஆண்டு அப்பதவியை ஏற்றார். இங்கிருந்து எழுந்தவை கட்டளைகளும் அறிக்கைகளும். ஆயின் அவ்வறிக்கைகளின் வறண்ட எண்களுக்குள்ளே ஒரு மருத்துமலைப் படலம் உறங்குகின்றது. 1944இல் இம்பால் முற்றுகையிடப்பட்டபோது, ‘டக்கோட்டா’ முதலிய பார விமானங்கள் ஏறத்தாழ 19,000 தொன் பொருள்களை உள்ளே கொண்டுசென்றன. மீளும்போது ஏறத்தாழ 13,000 நோயாளரையும் புண்பட்டோரையும், போரிடாத 43,000 பேரையும் வெளியே கொண்டுவந்தன. மழைக்காலத்து மலைமுகில்களூடே பறந்தோர் இவர். திறந்த கதவருகே நின்று மூடைகளைத் தள்ளிய வீரரும் இவருள் அடங்குவர். தளபதி சிலிம் 1956இல் வெளியிட்ட தம் நூலில், தம் படை வென்றது இவர்களால் என்பதைத் தயக்கமின்றி ஏற்றுக்கொள்கின்றார். தளபதியர் நூல்களுள் அது தனிச்சிறப்புடையது. தம் தோல்வியையும் பிழையையும் முதலிற் கூறிப் பின்னரே வெற்றியைக் கூறும் நேர்மை அதற்குண்டு. எனினும் பார விமானமோட்டிகளிலிருந்து ஒரு ஹிலாரி எழவில்லை. அரிசி மூடையைச் சுமந்து பறத்தலிற் காப்பியச்சுவை இல்லை என்று எண்ணினர் போலும். அனுமன் சுமந்ததும் சுமைதான்.

தரையிலிருந்து எழுந்த தமிழ் நூலொன்றை இனி நோக்கல் வேண்டும். 1941 திசெம்பர் 23இலும் 25இலும் இரங்கூன் நகரின்மேல் யப்பானியர் குண்டு வீசினர். வானிலே விமானம் வருவதை வேடிக்கை பார்க்கத் தெருவில் நின்றோர் பலர் மாண்டனர். முதல்நாள் இறந்தோர் மட்டும் ஆயிரவருக்கு மேற்படுவர் என்பர். அந்நகரில் இந்தியர் பெருந்தொகையினர். துறைமுகத்திலும் ஆலைகளிலும் கூலிவேலை செய்தோருள் தெலுங்கரும் தமிழரும் மிகுதி. அவர்கள் நடக்கத் தொடங்கினர். பர்மாவிலிருந்து வெளியேறிய இந்தியர் ஏறத்தாழ ஐந்து இலட்சம் எனக் கணக்கிடப்படுகின்றனர். பெரும்பாலோர் மலைவழியே கால்நடையாகச் சென்றனர். வழியில் நோயாலும் பசியாலும் இறந்தோர் பல்லாயிரவர். இரங்கூனில் ‘ஜோதி’ என்னும் திங்களிதழை நடத்திய வெ. சாமிநாத சர்மா அவ்வாறு மனைவியுடன் நடந்தோருள் ஒருவர். அவருடைய ‘எனது பர்மா வழிநடைப் பயணம்’ என்னும் நூல் அந்நடையின் பதிவு.

சர்மா பிளேற்றோவையும் ரூசோவையும் தமிழர்க்கு அறிமுகஞ் செய்தவர். நாடுகளின் வரலாறுகளை எழுதியவர். உலக அரசியலைத் தமிழில் விளக்கி வந்த ஒருவரை அவ்வுலக அரசியலே ஒருநாள் வீட்டைவிட்டுத் துரத்திற்று. அவர் உரைநடையில் ஹிலாரியின் கூர்மை இல்லை என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். தன்னைத்தானே கிழித்துப் பார்க்கும் வெறி அவருக்கில்லை. அடக்கமான, அளவான நடை. சிலவிடங்களில் அவ்வடக்கமே குறையாகி, உணர்ச்சி மேலெழ வேண்டிய இடத்துச் செய்தி மட்டும் நிற்கின்றது. ஆயின் நூலை ஹிலாரியின் பக்கத்தில் வைத்துப் படிப்போர்க்கு, ஒரு போரின் இரு முனைகளும் தோன்றும். ஹிலாரிக்கு வானம் போர்க்களம். சர்மாவுக்கு வானம் வீட்டைப் பறித்தது. ஒருவன் பறந்து பறந்து தன்னைத் தேடினான். மற்றவர் நடந்து நடந்து ஊரைத் தேடினார்.

தொல்காப்பியர் அகத்திணை ஒவ்வொன்றற்கும் ஒரு புறத்திணையை இயைத்தார். பாலைக்கு அவர் இயைத்த புறன் வாகை. வெற்றியைக் குறிக்கும் வாகை, வெம்மையும் வழிநடையும் பிரிவுமாகிய பாலைக்கு எவ்வாறு புறனாகும் என்று மாணவப் பருவத்தில் நான் மயங்கியதுண்டு. உரையாசிரியர் கூறும் காரணங்கள் அறிவுக்கு ஏற்றன, மனத்திற் பதியவில்லை. சர்மாவின் நூலைப் படித்தபின் அவ்வியைபின் உண்மை எனக்குப் புலனாயிற்று. 1942இல் இரங்கூன் வானில் யப்பானியர் சூடிய வாகையின் மறுபக்கம், தாமு வழியாகவும் இம்பால் வழியாகவும் சென்ற பாலை. இரண்டாண்டின்பின் அதே இம்பால் நேசப்படையின் வாகைக் களமாயிற்று. முன்னர் ஏதிலிகள் நடந்து சென்ற வழிகளின்மேலேயே டக்கோட்டாக்கள் பறந்தன. தளபதியர் நூல்கள் ஒன்றையும் சர்மாவின் நூல் மற்றொன்றையும் கூறும். தொல்காப்பியர் கருத்தை இவ்வாறு இக்காலத்துக்கு நீட்டுதல் அவருக்கு உடன்பாடாமோ என்பதில் அறிஞர் என்னோடு மாறுபடலாம்.

மலைநாட்டிலிருந்து இதனை எழுதுவோன் ஒன்றை விடுத்துச் செல்லல் இயலாது. மலாயா வீழ்ந்தபின், நேசநாடுகளுக்கு இயற்கை இறப்பர் பெருமளவிற் கிடைத்த இடம் இலங்கையே. மரம் பட்டுப்போகும் அளவுக்கு அக்காலத்தே பால் வெட்டப்பட்டது. வெட்டியோருட் பெருந்தொகையினர் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர். விமானச் சக்கரத்தின் உறையிலும் அவ்விறப்பர் உண்டு. பர்மா அரிசி நின்றுவிட்டமையால் அவர்தம் உலையில் அரிசிக்குப் பதிலாகக் கோதுமையும் கம்பும் வெந்தன. போர்ப்பணி புரிந்தோர் என்னும் சொல்லுக்குள் இவர்களும் வருவரெனின், இவர்கள் வாழ்வைக் கூறும் வான்போர் நூல் இன்னும் எழுதப்படல் வேண்டும். முதியோர் வாய்மொழியிற் கூப்பன் காலத்துப் பேச்சு இன்னும் சிறிது எஞ்சியுள்ளது. அதனை எழுதிவைக்க இக்கல்லூரி மாணவர் எவரேனும் முன்வருவராயின், அவர் இறப்பர் வெட்டிய நாட்களையும் பால் நிறுத்த அளவுகளையும் முதலிற் கேட்பாராக. விமானத்தின் பெயரைப் பின்னர்க் கேட்கலாம்.

கண்டி நகரின் ஓரத்தே, பிற்றக்கந்தையில், போரில் இறந்தோரின் இடுகாடு ஒன்றுளது. இருநூறு அளவிலான கற்கள். பிரித்தானியர், ஆபிரிக்கர், இந்தியர், இலங்கையர் பெயர்கள் அவற்றிற் பொறிக்கப்பட்டுள்ளன. உயர்ந்த பதவியினர்க்கும் தாழ்ந்த பதவியினர்க்கும் கல் ஒரே அளவினது. சென்ற விடுமுறையில் அங்கே சென்ற மாணவன் ஒருவன், இவர்களுள் விமானமோட்டி எவர் என்று என்னை வினவினான். ஒவ்வொரு கல்லாகப் படித்துப் பார் என்றேன். படித்து முடிக்க அவனுக்கு நெடுநேரம் ஆயிற்று.